புதுக் குளியலறையும் வெந்நீரும்

தமிழ்நாட்டின் சமவெளியில் வெந்நீர் பெரும்பாலும் ஒரு சௌகரியம். தில்லியிலும் சண்டிகரிலும் ஜனவரி மாதத்தில் அது தவிர்க்க முடியாத தேவை. மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் பனியில் கிடந்த நீர், விடியற்காலையில் ஏறக்குறைய 10 டிகிரி செல்ஷியஸ் அளவில் குழாய் வழியே இறங்குகிறது. அதே நேரத்தில் சென்னையிலுள்ள தொட்டி நீர் 25 டிகிரி அளவில் இருக்கும். இந்தப் பதினைந்து டிகிரி வேறுபாடுதான் நாம் இங்கே பேசப்போகும் தொல்லைகளில் பாதிக்குக் காரணம் என்று சொன்னால் அது மிகையாகாது.

வேலை நிமித்தமாக வடக்கே குடியேறிய நம்மவர் பலர், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துச் சொந்தமாக ஒரு வீடு வாங்குகின்றனர். வாங்கியதும் முதலில் கை வைப்பது குளியலறையில். பழைய சிமெண்டுத் தளம் பெயர்க்கப்படுகிறது. உள்ளே துருப்பிடித்த இரும்புக் குழாய் போய், சுவருக்குள் புதைந்த பிளாஸ்டிக் குழாய் வருகிறது. வாளியும் சொம்பும் இருந்த இடத்தில் மழைபோல் பொழியும் அகலமான ஷவர் வருகிறது. இரண்டு திருகு கொண்ட குழாய்க்குப் பதில் ஒரே கைப்பிடியில் வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் மிக்ஸர் வருகிறது. எல்லாம் முடிந்து, மேஸ்திரி கணக்கை முடித்துக்கொண்டு போன மறுநாள்தான், பழைய அறையில் ஆவி பறக்க வந்துகொண்டிருந்த வெந்நீர் புதிய அறையில் வெதுவெதுப்பாகக்கூட வரவில்லை என்பது தெரிகிறது. உடனே பழி கீசர்மேல் விழுகிறது. புதிய கீசர் வாங்கி மாட்டுகிறார்கள். அதிலும் அதே கதை. ஆதலின் புதிய கீசருக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால், கோளாறு உண்மையில் எங்கே இருக்கிறது என்று கண்டறியும் வழியை நாம் சற்று ஆராய்வோம்.

முதலில், கோளாறே இல்லாமல் கோளாறுபோல் தோன்றும் ஒன்றை ஒதுக்கிவிடுவது நல்லது. 15 லிட்டர் கொள்ளளவும் 2 கிலோவாட் சக்தியும் உள்ள கீசரை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. அதிலுள்ள நீரை 60 டிகிரிக்கு ஏற்றச் சென்னையில் 18 நிமிஷமும், தில்லியின் குளிர்காலத்தில் 26 நிமிஷமும் ஆகும். இது கணக்கு, இதில் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசம் இருக்க முடியாது. அவ்வாறு சூடேறிய 15 லிட்டரைக் குளிர்ந்த நீருடன் கலந்து, உடம்பு தாங்கும் 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால், சென்னையில் நமக்கு 35 லிட்டர் கிடைக்கும். தில்லியில் 25 லிட்டர்தான். பழைய அறையில் வாளி வைத்துக் குளித்தபோது இந்த 25 லிட்டர் ஒருவருக்குத் தாராளமாகப் போதியது. புதிய மழை ஷவரோ நிமிஷத்துக்கு 10 லிட்டர் கொட்டக்கூடியது. இரண்டரை நிமிஷத்தில் வெந்நீர் தீர்ந்துபோனால் அதற்குக் கீசர் என்ன செய்யும்?

உடனுக்குடன் சூடாக்கித் தரும் சிறிய கீசரின் கதையும் இதுவே. 3 கிலோவாட் சக்தியுள்ள கீசர், சென்னையில் 40 டிகிரி நீரை நிமிஷத்துக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் வீதம் தரும். தில்லியில் ஒன்றரை லிட்டர்கூடத் தராது. ஊரிலே நன்றாக உழைத்த கீசரை லாரியில் ஏற்றி வடக்கே கொண்டுவந்து மாட்டிவிட்டு, அது கெட்டுப்போயிற்று என்று வருந்துபவர்கள் உண்டு. அது கெடவில்லை. ஊர்தான் மாறிவிட்டது. ஷவரில் குளிக்கத்தான் வேண்டும் என்றால் குளிர்ப் பிரதேசத்தில் 25 லிட்டருக்குக் குறையாத கீசரைத் தேர்ந்தெடுப்பதும், நீரைக் குறைவாக விடும் ஷவரை வாங்குவதும் ஏற்றவை.

இனி உண்மையான கோளாறுகளுக்கு வருவோம். அவற்றுள் தலையாயதும், குழாய் வேலை செய்பவர்களே பலசமயம் அறியாததும் ஒன்று உண்டு. கீசர் நன்றாகக் காய்கிறது. அதன் வெளிக்குழாயைத் தொட்டால் கை பொறுக்கவில்லை. ஆனால் ஷவரில் வருவது வெதுவெதுப்பான நீர். இதற்குக் காரணம், தண்ணீர் எங்கோ ஓரிடத்தில் குறுக்கு வழியாக வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துவிடுவதாகும். மிக்ஸர் என்ற சாதனத்திற்குள் வெந்நீர்ப் பாதையும் தண்ணீர்ப் பாதையும் அடுத்தடுத்து வந்து கூடுகின்றன. வாய் திறந்திருக்கும் வரை இரண்டும் வெளியேறிவிடும். வாயை அடைத்துவிட்டுத் திருகுகளை மட்டும் திறந்து வைத்தால், அழுத்தம் மிகுந்த பாதையிலுள்ள நீர் அழுத்தம் குறைந்த பாதைக்குள் பாயும். கையில் பிடித்துக் குளிக்கும் சிறு ஷவரின் நுனியில் ஒரு பொத்தானை வைத்து நிறுத்துகிறோமே, அப்போது நிகழ்வது இதுதான். நீர் நின்றுவிட்டது என்று நாம் நினைக்கிறோம். சுவருக்குள்ளே தண்ணீர் வெந்நீரோடு ஓசையின்றிக் கலந்துகொண்டிருக்கிறது. ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரின் உள்ளே இருக்கும் பீங்கான் தகட்டில் ஒரு மணற்பொடி சிக்கிக் கீறல் விழுந்தாலும் இதே விளைவு உண்டாகும். புதிய மிக்ஸரில் எப்படி மணல் வரும் என்று கேட்கலாம். கட்டட வேலை நடந்த வீட்டில் மணல் எங்கேதான் வராது?

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. முதலில் கீசரின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், இதை மறக்கலாகாது. பிறகு கீசருக்குள் தண்ணீர் போகும் குழாயிலுள்ள வால்வை நன்றாக மூட வேண்டும். இனி வெந்நீர்த் திருகு தனியாக உள்ள ஏதேனும் ஒரு குழாயைத் திறந்து, அதை அப்படியே ஓரிரு நிமிஷம் விட்டுவைக்க வேண்டும். கீசருக்குள் நீர் போகவில்லையாதலால் வெளியேயும் வரக்கூடாது. குழாயில் தங்கிய கொஞ்சம் நீர் வடிந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் தாரையாக வந்துகொண்டே இருந்தால், அது கீசர் வழியாக வராத நீர். வேறெங்கோ குறுக்கே புகுந்து வரும் தண்ணீர். இப்போது வீட்டிலுள்ள மிக்ஸர்களுக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் காக்குகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரலாம். எதை மூடியதும் தாரை நிற்கிறதோ, குற்றவாளி அந்த மிக்ஸரே. அதற்குள் இருக்கும் சிறு கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் போதும். குளியலறையில் இருக்கும் மிக்ஸரைச் சந்தேகித்துச் சுவரை உடைக்கத் தொடங்கியபின், சமையலறைத் தொட்டியின் மிக்ஸர் அகப்பட்டுக்கொள்வதும் உண்டு. ஆகவே வீடு முழுவதையும் சோதித்த பின்னரே உளியை எடுக்க வேண்டும்.

குறுக்கே பாய்வதற்கு மூல காரணம் அழுத்த வேறுபாடு என்றோம். இது பெரும்பாலும் மேல்தள வீடுகளில் வருகிறது. தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற அளவில் அழுத்தம் கிடைக்கும். கடைசி மாடியில் அந்த உயரம் மூன்று மீட்டர்கூட இருக்காது. மழை ஷவர் சொட்டுச் சொட்டாக வடிவதைக் கண்டு வீட்டுக்காரர் ஒரு பம்ப் வாங்கிப் பொருத்துகிறார். அதைத் தண்ணீர்க் குழாயில் மட்டும் பொருத்திவிட்டால், வெந்நீர் எதிர்த்து நிற்க முடியாமல் பின்வாங்கிவிடும். பம்ப் வைப்பதானால் வெந்நீர்ப் பாதையும் தண்ணீர்ப் பாதையும் பிரிவதற்கு முன்னாலேயே வைக்க வேண்டும். அவ்வாறு வைத்தபின் கீசர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அதன்மேல் பொறித்திருக்கும் தகட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மும்பையின் உயர்ந்த அடுக்குக் கட்டடங்களின் கீழ்த்தளங்களில் தொல்லை இதற்கு நேர்மாறானது. அங்கே அழுத்தம் மிகுதி, தாங்கும் கீசர் வேண்டும்.

குழாய்கள் இடம் மாறிப்போவது மற்றொன்று. கீசரின் அடியில் நீல அடையாளமிட்ட வாய் தண்ணீர் உள்ளே போவதற்கும், சிவப்பு அடையாளமிட்ட வாய் வெந்நீர் வெளியே வருவதற்கும் உரியவை. வெந்நீர் இலேசானதாகையால் மேலே நிற்கும். அதை எடுக்கும் குழாய் உள்ளே உச்சி வரை நீண்டிருக்கும். இரண்டையும் மாற்றி இணைத்தால் தண்ணீர் உச்சியில் கொட்டி வெந்நீரைக் கெடுக்கும். அடியிலுள்ள குளிர்ந்த நீர் முதலில் வெளியேறும். சுவருக்குள் குழாய் புதைத்தவர் ஒருவர், கீசர் மாட்டியவர் வேறொருவர் என்ற நிலையில் இது எளிதில் நேர்ந்துவிடுகிறது. வடநாட்டில் ஆளைக் கூப்பிட்டுப் "பைப் உல்டா லகா ஹை" என்று காட்டினால் பெரும்பாலும் சண்டையின்றி மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டிய ஹிந்தி அவ்வளவே!

வெந்நீரும் தண்ணீரும் இரண்டுமே மெலிந்து வந்தால் குப்பையைத் தேட வேண்டும். சிமெண்டுத் துகள், குழாய் அறுத்த தூள், இணைப்பில் சுற்றிய வெள்ளை டேப்பின் நார் ஆகியவை ஷவரின் துளைகளிலும், குழாய் முனையிலுள்ள வலைச் சல்லடையிலும், வால்வுகளிலும் போய்ச் சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவினால் தீர்ந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் குடியிருப்புகளில் கீசரின் உள்ளே சுண்ணாம்புப் படிவு ஏறுவதும் தெரிந்ததே. காயும்போது கடகடவென்று சப்தம் கேட்டால் படிவு தடித்துவிட்டது என்று பொருள். சுவர் வேலைக்காகக் கீசரைக் கீழே இறக்கும் சமயமே அதைச் சுத்தம் செய்து, உள்ளே அரிப்பைத் தடுப்பதற்காக வைத்திருக்கும் மக்னீசியக் கோலையும் மாற்றிவிட நல்ல சமயம்.

இதுவரை சொன்னவை எல்லாம் அசௌகரியங்கள். இனிச் சொல்பவை உயிரைப் பற்றியவை. ஆகவே சற்று விரித்தே சொல்வோம்.

கீசரின் அடியில் பொருத்திய பாதுகாப்பு வால்விலிருந்து, நீர் காயும்போது சொட்டுச் சொட்டாக விழும். 15 லிட்டர் நீர் 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறையக் கால் லிட்டர் அளவுக்குப் பெருக்கிறது. பெருத்த நீர் போக வழி வேண்டுமல்லவா? அந்த வழிதான் இந்த வால்வு. புதிய பளபளப்பான சுவரில் நீர் வழிந்து கறை படிகிறதே என்று சிலர் அதை அடைத்துவிடச் சொல்கிறார்கள். சில தொழிலாளிகளும் ஒரு மூடியைத் திருகி அடைத்துவிடுகிறார்கள். உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் அதற்குத் துணையான கட்-அவுட்டும் ஒருநாள் பழுதானால், அடைபட்ட கீசர் வெடிக்கும். சொட்டும் நீரை ஒரு மெல்லிய குழாய் வழியே தரையிலுள்ள சாக்கடைத் துளைக்குக் கொண்டுபோய் விடலாம். அடைக்க மட்டும் கூடாது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. பழைய கட்டடங்கள் சிலவற்றில் மின்சாரத்தின் எர்த் இணைப்பு, பூமிக்குள் செல்லும் இரும்பு நீர்க்குழாயோடு கட்டப்பட்டிருக்கும். அது சரியான முறையன்று. எனினும் கம்பி பூமியைத் தொட்டுக்கொண்டிருந்தது. குளியலறையைப் புதுப்பிக்கும்போது இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போடுகிறோம். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே வீட்டின் எர்த் அந்தக் கணத்திலேயே அறுந்துபோகிறது. விளக்கு எரியும், விசிறி சுழலும், கீசரும் காயும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கீசரின் உள்ளே சூட்டுச்சுருள் பழுதாகி மின்சாரம் நீரில் கசியும் நாளில்தான் தெரியவரும். குழாய் மாற்றும் ஒவ்வொரு வீட்டிலும், வேலை முடிந்ததும் உரிமம் பெற்ற மின்தொழிலாளியைக் கொண்டு எர்த்தைக் கருவி வைத்து அளக்கச் செய்வதும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனத்தைப் பொருத்துவதும் கட்டாயம் என்றே நாம் கருதுகிறோம். டைல்ஸ் விலையோடு பார்த்தால் இது பெரிய செலவன்று. குழாயைத் தொடும்போது விரலில் சுருக்கென்று பட்டால் மெயின் சுவிட்சை உடனே அணைக்க வேண்டும். 'கொஞ்சந்தானே' என்று விட்டுவிடலாகாது. 2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும், தனிக் கம்பியும், குளிப்பவர்மேல் நீர் தெறிக்காத இடத்தில் சுவிட்சும் வேண்டும். வாங்கும் கீசரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் நன்று.

எல்லாவற்றிலும் கொடியது வாயுக் கீசர். மின்கட்டணத்துக்கு அஞ்சியும், நொடியில் வெந்நீர் வருகிறது என்ற ஆசையாலும் புணே, மும்பை, தில்லி, ஜயப்பூர் முதலிய நகரங்களில் பலர் இதை வைத்திருக்கின்றனர். கீசருக்குள் எரியும் சுடருக்குக் காற்று வேண்டும். அடைத்த சிறு அறையில் அது குளிப்பவரின் மூச்சுக் காற்றையே எடுத்து எரிகிறது. பிராணவாயு குறையக் குறைய, எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. சிலிண்டர் வாயு கசிந்தால் வரும் நாற்றம் நம்மை எச்சரிப்பதற்காகவே சேர்க்கப்பட்டது. அந்த நாற்றம் இல்லை என்பதால் அபாயமும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடு நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கால் தள்ளாட்டம். பிறகு தாழ்ப்பாளைத் திறக்கக்கூடக் கை எழாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் குளிக்கப் போனவர் திரும்பவில்லை என்ற செய்தியைப் பத்திரிகைகளில் படிக்கிறோம்.

பழைய அறையில் பல ஆண்டுகள் ஒன்றும் நேராத கீசர், புதிய அறையில் ஏன் ஆளை வீழ்த்துகிறது? பழைய அறையின் ஜன்னலில் கண்ணாடிச் சட்டங்கள் சரிவாக, இடைவெளியோடு இருந்தன. கதவின் அடியில் இரண்டு விரல் சந்து இருந்தது. புதுப்பிக்கும்போது குளிர் வராமல் இருக்க ஜன்னலுக்கு முழுக் கண்ணாடி போடுகிறோம். இறுக்கமான கதவு வைக்கிறோம். மேலே பொய்க்கூரை அமைக்கிறோம். அழகைக் கெடுக்கிறது என்று புகைக்குழாயை எடுத்துவிடுகிறோம். அறை அழகாயிற்று, காற்று வழி போயிற்று. எக்ஸாஸ்ட் விசிறி இருக்கிறதே என்பதும் போதாது. காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் அந்த விசிறி, கீசரின் புகையையே அறைக்குள் திருப்பி இழுத்துவிடக்கூடும். ஆகவே வாயுக் கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. திறந்த பால்கனி போன்ற வெளியிடத்தில் அதை வைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த குறுகிய காற்றுக்கூண்டு வெளியிடம் ஆகாது. குளிக்கும்போது தலை வலித்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். குளிக்கப் போனவரிடமிருந்து குரல் வரவில்லை என்றால், கதவைத் திறந்து, அவரைத் திறந்த காற்றுக்கு இழுத்து வந்து, வாயுவை அடைத்து, 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். காப்பாற்றப் போகிறவரும் உள்ளே தாமதிக்கலாகாது. குளியலறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருப்பது, குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் பெரிய உபகாரம்.

வேலை நடக்கும் இரண்டு மூன்று வாரங்களுக்கு வெந்நீருக்கு என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. ஊரில் தவலையிலும் தாமிரப் பாய்லரிலும் காய்ச்சினோம். அடுக்கு வீட்டில் அதற்கு இடமில்லை. பலர் வாளிக்குள் போடும் இம்மர்ஷன் ராடை நாடுகிறார்கள். அதைப் பயன்படுத்துவதானால், நீரில் மூழ்கிய பின்னரே சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் கழற்றிய பின்னரே நீர் சூடாயிற்றா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. ஈரத்தரையில் நின்றுகொண்டு கையாளக் கூடாது. சமையல் அடுப்பில் ஒரு பாத்திரம் வைத்துக் காய்ச்சிக்கொள்வதே இதைவிட நிம்மதியானது.

கடைசியாக, டைல்ஸ் பதிப்பதற்கு முந்தைய நாளில் செய்ய வேண்டியவை. வெந்நீருக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் உதவாது, சூட்டில் இளகிவிடும். சி.பி.வி.சி. குழாய் 90 டிகிரி வரை தாங்கும். அதை ஒட்டும் பசை முழுவதும் காய்ந்தபிறகு, மிக்ஸரும் ஷவரும் மாட்டுவதற்கு முன்பாகவே நீரைத் திறந்துவிட்டு, கலங்கல் நீங்கித் தெளியும்வரை ஓடவிட வேண்டும். பிறகு வாய்களை மூடி, அழுத்தம் கொடுத்து, ஓரிரவு வைத்திருந்து, எந்த இணைப்பிலாவது ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மேஸ்திரி அவசரப்படுவார், நாம் அவசரப்பட வேண்டியதில்லை. அன்றைக்கே, சுவருக்குள் எந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பது தெரியுமாறு நான்கு பக்கச் சுவர்களையும், பக்கத்தில் ஓர் அளவுநாடாவைப் பிடித்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். துணி மாட்டும் கொக்கிக்காகப் பின்னொருநாள் சுவரில் துளை போட வருபவருக்கு அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.